ஐரோப்பியப் பயணத்தில் ஒரு சிறப்பு விருந்து: உணவகத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

ஐரோப்பாவுக்கு முதன்முறையாகக் குடும்பத்தோடு செல்பவர்கள் விசா, விமானச் சீட்டு, விடுதி அறை, ரயில் பயணம் எல்லாவற்றையும் மாதக்கணக்கில் முன்கூட்டியே முடித்துவிடுகிறார்கள். பயணத்தின் நடுவே வரும் திருமண நாளையோ பெற்றோரின் அறுபதாம் பிறந்தநாளையோ நல்லதோர் உணவகத்தில் கொண்டாட வேண்டும் என்ற எண்ணமும் அவர்களுக்கு உண்டு; ஆனால் அதை மட்டும் அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். பாரிஸிலும் ரோமிலும் பெயர்பெற்ற உணவகங்கள் பல மிகச் சிறியவை. ஒரு மேசையில் உட்கார்ந்தவர்கள் அந்த இரவு முழுவதும் அங்கேயே இருப்பார்கள் என்ற கணக்கில் நடப்பவையும் அவற்றுள் உண்டு. முன்பதிவு இல்லாமல் இரவு 8 மணிக்குப் பசியோடு தெருவில் இறங்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் மிஞ்சுவது, சுற்றுலாத் தலத்தின் வாசலில் படம் போட்ட மெனுவைக் காட்டி ஆள் பிடிக்கும் கடைதான். ஆகவே, விருந்துக்கான வேலையை ஊரிலேயே தொடங்கிவிட வேண்டும். அதைக் கீழ்க்காணும் வரிசையில் செய்வது நல்லது.

முதல் படி: பந்தியில் உட்காரப்போகிறவர்கள் யார்?

பலரும் "பாரிஸின் சிறந்த பத்து உணவகங்கள்" போன்ற பட்டியலைத் தேடுவதிலிருந்து தொடங்குகிறார்கள். அதற்கு முன், யாருக்காக இந்த விருந்து, அவர் எதை விரும்பி உண்பார், எவ்வளவு நேரம் நாற்காலியில் வசதியாக உட்கார முடியும், ஒருவருக்கு அதிகபட்சம் எத்தனை யூரோ செலவிடலாம் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். உயர்தர உணவகங்கள் பலவற்றில் இரவில் சுவைப்பு மெனு எனப்படும் வரிசை விருந்து மட்டுமே உண்டு. ஏழு முதல் பத்து வரையிலான சிறு சிறு பதார்த்தங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும், முடிய மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும், மேசையில் இருக்கும் அனைவரும் அதையே உண்ண வேண்டும் என்ற விதியும் பெரும்பாலும் இருக்கும். உணவில் ஆழ்ந்த ஈடுபாடு உள்ள தம்பதிக்கு அது மறக்க முடியாத அனுபவம். சர்க்கரை நோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டு நேரத்துக்குச் சாப்பிட வேண்டிய அப்பாவுக்கும், எட்டு மணிக்கெல்லாம் தூங்கி விழும் குழந்தைக்கும் அது தண்டனையாகிவிடும்.

முதியவர்களும் குழந்தைகளும் உள்ள குழுவுக்கு, அழகான கூடமும் வேண்டியதை மட்டும் தனித்தனியாகக் கேட்டு வாங்கும் வசதியும் உள்ள இடமே பொருத்தம். பாரிஸின் கார் த லியோன் ரயில் நிலையத்தின் மாடியில் இருக்கும் லு திரான் ப்ளூ அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 1901-இல் திறக்கப்பட்ட அந்தக் கூடத்தின் விதானம் முழுவதும் பிரான்ஸின் ஊர்களையும் கடற்கரைகளையும் காட்டும் ஓவியங்கள் நிறைந்துள்ளன. ஒருவர் ஒரே ஒரு பதார்த்தமும் ஒரு இனிப்பும் சொல்லிக்கொண்டு, ஓவியங்களைப் பார்த்தபடியே நிம்மதியாகச் சாப்பிடலாம். பெற்றோரை அழைத்துச் செல்பவர்களுக்கு, மிஷெலின் என்ற உணவகக் கையேட்டின் நட்சத்திரம் பெற்ற பல உணவகங்களைவிட இத்தகைய இடங்களையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

இரண்டாம் படி: எந்த நாள், எந்த நேரம்?

இந்தியாவிலிருந்து சென்று இறங்கிய முதல் இரண்டு இரவுகளில் சிறப்பு விருந்து வேண்டாம். அங்கே கோடைக்காலத்தில் இரவு 9 மணி ஆகும்போது நம் உடலின் கணக்கில் நள்ளிரவு 12:30. நகரம் விட்டு நகரம் ரயிலில் செல்லும் நாளும், மறுநாள் விடியற்காலை விமானம் இருக்கும் நாளும் ஏற்றவையல்ல. திருமண நாள் அப்படிப்பட்ட ஒரு தேதியில் விழுந்தால், விருந்தை ஒரு நாள் தள்ளி வைப்பதில் எந்தக் குறையும் இல்லை.

விடுமுறை நாட்களைக் கட்டாயம் பாருங்கள். பாரிஸில் நல்ல உணவகங்கள் பல ஞாயிறும் திங்களும் மூடியிருக்கும். சில சனிக்கிழமையும் இயங்குவதில்லை. ஆகஸ்ட் மாதத்தில் பிரான்ஸிலும் இத்தாலியிலும் உரிமையாளர்கள் இரண்டு மூன்று வாரங்கள் கடையை அடைத்துவிட்டு விடுமுறைக்குச் செல்வது வழக்கம். இத்தாலியில் ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய நாட்களில் அதிகமான கதவுகள் மூடியிருக்கும். டிசம்பர் 24, 31 ஆகிய இரவுகளிலும் பிப்ரவரி 14 அன்றும் பல இடங்களில் வழக்கமான மெனு கிடையாது. கூடுதல் விலையில் ஒரே ஒரு நிர்ணய மெனுதான் இருக்கும்.

உணவு நேரம் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் மாலை 6 மணிக்கே மக்கள் இரவு உணவுக்கு உட்கார்ந்துவிடுவார்கள். பிரான்ஸில் 7 அல்லது 7:30-க்கும், ரோமில் 7:30 அல்லது 8-க்கும் தொடங்கும். ஸ்பெயினில் 8:30-க்கு முன் பல சமையலறைகள் திறப்பதே இல்லை. உள்ளூர்க்காரர்கள் 9 மணிக்கு மேல்தான் வருவார்கள். 7:30-க்குள் சாப்பிட்டுப் பழகிய பெற்றோரோடு மாட்ரிட் செல்பவர்கள், அந்த நாட்டின் வழக்கப்படியே பிற்பகல் 2 மணி உணவை விருந்தாக வைத்துக்கொள்வது மேல். அங்கே பகல் உணவே நாளின் பெரிய உணவு.

உண்மையில், எந்த நாட்டிலும் விருந்து இரவில்தான் நடக்க வேண்டும் என்ற பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திப் பார்க்கச் சொல்வேன். பாரிஸில் நட்சத்திரம் பெற்ற உணவகங்கள் பலவற்றில், வார நாட்களின் மதிய மெனு இரவு விலையைவிட வெகுவாகக் குறைந்திருக்கும். சமையலறையும் சமையல்காரர்களும் அதே ஆட்கள்தான். வயிற்றுக்கும் இதம், திரும்பி வருவதும் எளிது, இடம் கிடைப்பதும் சுலபம்.

காட்சிக்காக இரவு விருந்து வேண்டும் என்பவர்கள் சூரியன் மறையும் நேரத்தைப் பார்த்துவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். ஜூன் மாதத்தில் பாரிஸில் இரவு 10 மணிக்குச் சற்று முன்புதான் சூரியன் மறைகிறது. 7:30-க்கு ஐஃபில் கோபுரம் தெரியும் சன்னலோர மேசையைப் பிடித்தவர் வெயிலில்தான் சாப்பிடுவார். இருட்டிய பின் ஒவ்வொரு மணியின் தொடக்கத்திலும் கோபுரம் 5 நிமிடம் மின்னுவதைப் பார்க்க வேண்டுமானால் கோடையில் 9 மணிக்குப் பிந்தைய பதிவு தேவை. டிசம்பரிலோ மாலை 5 மணி வாக்கிலேயே சூரியன் மறைந்துவிடும்.

மூன்றாம் படி: நட்சத்திரங்களையும் மதிப்பெண்களையும் படிக்கும் விதம்

மிஷெலின் கையேட்டை, பிரான்ஸின் டயர் நிறுவனம் ஒன்று காரோட்டிகளுக்காக 1900-இல் வெளியிடத் தொடங்கியது. 1926-இல் நட்சத்திரம் வழங்கத் தொடங்கி, சில ஆண்டுகளில் அதை மூன்று படிகளாக விரித்தார்கள். ஒரு நட்சத்திரம் என்றால் தரமான சமையல், நின்று சாப்பிடத் தகுந்தது. இரண்டு என்றால் வழியை விட்டு விலகிப் போய்ச் சாப்பிடலாம். மூன்று என்றால் அதற்காகவே பயணம் போகலாம். நட்சத்திரம் தட்டில் உள்ள உணவுக்கு மட்டுமே தரப்படுகிறது. இடம் விசாலமா, பேசினால் காதில் விழுமா, குழந்தைகளை வரவேற்பார்களா என்பவற்றை அது சொல்லாது. பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால், பழைய பயணக் கட்டுரையில் படித்ததை நம்பாமல் அந்த ஆண்டின் நிலவரத்தைக் கையேட்டின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும்.

அதே கையேடு 1997 முதல் பிப் குர்மான் என்ற அடையாளத்தையும் தருகிறது. நியாயமான விலையில் நல்ல சமையல் உள்ள இடங்களுக்கானது அது. நடுத்தரக் குடும்பத்தின் சிறப்பு விருந்துக்குப் பெரும்பாலும் இந்தப் பட்டியலே போதும்.

இணைய விமர்சனங்களில் ஐந்துக்கு நான்கரை என்ற எண்ணைவிட, விமர்சனங்கள் எந்த மொழியில் எழுதப்பட்டிருக்கின்றன என்பது அதிகம் சொல்லும். ரோமில் இருக்கும் உணவகத்துக்கு இத்தாலிய மொழியில் கணிசமான விமர்சனங்கள் இருந்தால் உள்ளூர்க்காரர்களும் அங்கே போகிறார்கள் என்று பொருள். குறைந்த மதிப்பெண் தந்தவர்களின் குறையையும் படியுங்கள்: "பரிமாறத் தாமதம்" என்பதைப் பொறுத்துக்கொள்ளலாம், "சொன்ன விலை வேறு, பில் வேறு" என்று பலர் எழுதியிருந்தால் விலகிவிடுங்கள். கடைசியாக, உணவகத்தின் சொந்தத் தளத்தில் விலையோடு மெனு இருக்கிறதா என்று பாருங்கள். மெனுவில் போட்டிருக்கும் விலையில் வரி அடங்கியிருக்கும். நம் ஊர்போல ஜிஎஸ்டி தனியாக ஏறாது.

நான்காம் படி: சைவம் உண்பவர்கள் இருந்தால்

இந்தப் படிக்குத்தான் மற்ற எல்லாவற்றையும்விட அதிகக் கவனம் வேண்டும். "வெஜிடேரியன்" என்று சொன்னால் ஐரோப்பாவில் முட்டை சேரும் என்றே எடுத்துக்கொள்வார்கள். சில ஊர்களில் மீன் பரவாயில்லைதானே என்று கேட்பவர்களும் உண்டு. மெனுவில் காய்கறிப் பெயர் மட்டும் இருப்பதால் அது சைவம் என்று ஆகிவிடாது. பிரெஞ்சு வெங்காய சூப் மாட்டெலும்புச் சாற்றில் செய்யப்படுவது வழக்கம். ரிசோட்டோ என்ற இத்தாலிய அரிசி உணவுக்கு இறைச்சிச் சாறு ஊற்றுவது பரவலான பழக்கம். ஸ்பெயினில் காய்கறி வதக்கலின் மேல் பன்றி இறைச்சித் துணுக்குகளைத் தூவுவார்கள். போர்ச்சுகலின் கீரை சூப்பில் பன்றித் தொத்திறைச்சித் துண்டு கிடக்கும். பெல்ஜியத்தில் உருளைக்கிழங்கு வறுவலை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கும் கடைகள் இன்றும் உள்ளன. பன்னா கோட்டா என்ற இனிப்பு ஜெலட்டின் சேர்த்து உறைய வைக்கப்படுவது. பார்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரைய வைப்பதற்காகக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்க்கப்படுகிறது. பெஸ்தோ சாஸிலும் பெரும்பாலும் அந்தப் பாலாடைக்கட்டி இருக்கும். இதில் எது உங்கள் வீட்டாருக்கு ஏற்பில்லை என்பதை முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் விதிப்படி, 2014 டிசம்பர் முதல் ஒவ்வொரு உணவகமும் தன் பதார்த்தங்களில் ஒவ்வாமை தரக்கூடிய 14 பொருட்கள் உள்ளனவா என்பதைத் தெரிவிக்க வேண்டும். முட்டை, மீன், இறால் வகை, சிப்பி வகை, பால், வேர்க்கடலை ஆகியவை அந்தப் பட்டியலில் அடங்கும். ஆகவே சாஸில் நெத்திலி கரைந்திருக்கிறதா, மாவில் முட்டை உண்டா என்பதை அந்தப் பட்டியலைக் கேட்டே தெரிந்துகொள்ளலாம். ஆனால் இறைச்சி ஒவ்வாமைப் பொருள் அல்ல என்பதால் இறைச்சிச் சாறும் பன்றிக் கொழுப்பும் ஜெலட்டினும் அதில் வரவே வராது. பட்டியலைப் பார்த்துவிட்டு இது சைவம் என்று முடிவு செய்துவிடக் கூடாது. சாற்றைப் பற்றித் தனியாகக் கேட்க வேண்டும்.

கேட்கும் கேள்வியையும் பதிவு செய்யும்போதே எழுத்தில் அனுப்புவது நல்லது. "எங்களில் இருவர் இறைச்சி, மீன், முட்டை உண்ண மாட்டார்கள், இறைச்சிச் சாறு, ஜெலட்டின், விலங்குக் கொழுப்பு சேர்ந்ததும் கூடாது, பால், வெண்ணெய், தயிர், பாலாடைக்கட்டி உண்பார்கள், அவர்களுக்கு முழு விருந்து தர இயலுமா?" என்று ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதினால் போதும். பால் பொருட்கள் உண்போம் என்பதைச் சொல்லாவிட்டால் வீகன் என்று நினைத்துச் சுவை குறைந்த தட்டை நீட்டிவிடுவார்கள். மாட்டிறைச்சியோ பன்றி இறைச்சியோ மட்டும் விலக்குபவர்கள் அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். சாஸ்களில் ஒயின் சேர்ப்பது பொது வழக்கம் என்பதால் அது கூடாதவர்களும் சொல்லிவிட வேண்டும். "முடியும்" என்று தெளிவாகப் பதில் எழுதாத உணவகத்தை, அது எத்தனை நட்சத்திரம் பெற்றிருந்தாலும், நீக்கிவிடுங்கள். வீட்டுப் பெரியவர் ஒருவர் ரொட்டியையும் சாலட்டையும் மென்றுகொண்டிருக்க, மற்றவர்கள் விருந்து உண்பதைப் போன்ற வருத்தம் வேறில்லை.

சைவத்துக்கென்றே தலைநிமிர்ந்து நிற்கும் உணவகங்களும் ஐரோப்பாவில் இருக்கின்றன. பாரிஸில் அலென் பசார் நடத்தும் ஆர்பேஜ் 1996 முதல் மூன்று நட்சத்திரம் பெற்றது. 2001-இல் சிவப்பு இறைச்சியை விட்டுவிட்டுக் காய்கறிகளை மையமாக்கியது, 2025-இல் தேனைத் தவிர மற்ற விலங்குப் பொருட்களையும் நீக்கியது. ஆனால் அங்கே ஒருவருக்கே நூற்றுக்கணக்கான யூரோ ஆகும். மிலானின் ஜோயா, 1996-இல் ஐரோப்பாவிலேயே முதன்முதலாக மிஷெலின் நட்சத்திரம் பெற்ற சைவ உணவகம். வியன்னாவில் டியான் உள்ளது. குழந்தைகள் உள்ள குடும்பத்துக்கு சூரிக்கின் ஹில்ட்ல் மிகப் பொருத்தம். 1898-இல் தொடங்கிய அது, உலகில் தொடர்ந்து இயங்கும் மிகப் பழைய சைவ உணவகம் என்று கின்னஸ் பதிவில் இடம்பெற்றது. விரும்பியதைத் தட்டில் எடுத்துக்கொண்டு எடைக்குப் பணம் தரலாம். அந்த வரிசையில் இந்திய வகைகளும் நெடுங்காலமாகவே உண்டு.

பாரிஸில் தங்கும் மற்ற நாட்களில், கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பேல் பகுதியில் ஈழத் தமிழர்கள் நடத்தும் உணவகங்களில் தோசையும் சோறும் சாப்பிட்டுக்கொள்ளலாம். அங்கே மிச்சமாகும் பணம் விருந்துக்கு உதவும்.

ஐந்தாம் படி: முன்பதிவு

புகழ்பெற்ற உணவகங்களுக்கு இரண்டு மூன்று மாதங்கள் முன்பும், பிப் குர்மான் வகை உணவகங்களுக்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பும் முயலுங்கள். பெரும்பாலானவை தங்கள் தளத்திலேயே பதிவை ஏற்கின்றன. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயினில் தி ஃபோர்க் செயலியும் பரவலாகப் புழங்குகிறது. தொலைபேசியில் பேச வேண்டுமென்றால், பாரிஸ் நேரம் கோடையில் இந்திய நேரத்துக்கு மூன்றரை மணியும் குளிர்காலத்தில் நான்கரை மணியும் பின்தங்கியது என்பதை மனத்தில் வையுங்கள். பரிமாறும் நேரம் தவிர்த்து, அங்கே காலை 10 முதல் 11:30-க்குள் அழைத்தால் நிதானமாகப் பதில் சொல்வார்கள்.

பல இடங்களில் கார்டு எண்ணைக் கேட்பார்கள். வராமல் போனாலோ, கெடுவுக்குப் பின் ரத்து செய்தாலோ ஒருவருக்கு இவ்வளவு என்று பிடித்தம் செய்யத்தான் அது. ரத்து செய்யும் கெடு 24 மணி நேரமா, 48 மணி நேரமா என்பதைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். இந்திய வங்கிக் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை வசதி வழங்கும்போது முடக்கப்பட்டே இருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்துவிட்டுப் பதிவில் இறங்குங்கள். சரியாக எத்தனை பேர், குழந்தைகள் எத்தனை பேர், சக்கர நாற்காலியோ படியில்லாத வழியோ தேவையா என்பவற்றைக் குறிப்பில் எழுதுங்கள். ஐரோப்பியப் பழைய கட்டடங்களில் கழிப்பறை பெரும்பாலும் குறுகிய படிகள் இறங்கிச் செல்லும் கீழ்த்தளத்தில் இருக்கும் என்பதால், முழங்கால் வலி உள்ளவர்களுக்காக இதைக் கேட்டு வைப்பது அவசியம். விருந்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு வரி எழுதிப் பதிவையும் சைவக் குறிப்பையும் மீண்டும் உறுதி செய்யுங்கள்.

உடையைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். அரைக்கால் சட்டையும் ரப்பர் செருப்பும் ஆகாது. பட்டுப் புடவையும் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையும் எந்த உயர்தர உணவகத்துக்கும் தகுந்தவை. மேல்கோட்டு கட்டாயமா என்பதை மட்டும் தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: மேசையிலும் பில்லிலும்

பதிவு நேரத்துக்குச் சரியாகப் போய்விடுங்கள். 15 நிமிடம் தாண்டினால் மேசையை வேறொருவருக்குத் தந்துவிடும் இடங்களும் உண்டு. உட்கார்ந்ததும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்கள்; அவர்கள் சொல்வது விலைக்கு விற்கும் பாட்டில். பிரான்ஸில் "கராஃப் தோ" என்று கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தருவார்கள். போர்ச்சுகலில் கேட்காமலே மேசையில் வைக்கப்படும் ரொட்டி, ஆலிவ், பாலாடைக்கட்டிக்கு விலை உண்டு; தொடாமல் இருந்தால் கொடுக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஏற்ற ஒயின் என்று தனி விலையில் சொல்லப்படும் ஏற்பாட்டைத் தயங்காமல் மறுக்கலாம். பல உயர்தர இடங்களில் மது இல்லாத பானங்களின் வரிசையும் இப்போது கிடைக்கிறது.

இத்தாலியில் முழு மீனின் விலையைக் கவனித்துப் பாருங்கள். மெனுவில் 8 யூரோ என்று இருக்கும், பக்கத்தில் "எத்தோ" என்ற சிறு எழுத்தும் இருக்கும். அது 100 கிராமுக்கான விலை. பரிமாறுபவர் தட்டில் கொண்டுவந்து காட்டும் மீன் 1,200 கிராம் என்றால் பில்லில் 96 யூரோ வரும். தலையசைக்கும் முன் எடையையும் மொத்த விலையையும் கேட்டுவிடுங்கள். அங்கே அது இயல்பான கேள்விதான். ஃபுளோரன்ஸின் புகழ்பெற்ற மாட்டிறைச்சித் துண்டும் இவ்வாறே எடைக்கு விற்கப்படுகிறது.

பில்லை நீங்கள் கேட்கும் வரை கொண்டுவர மாட்டார்கள். விருந்தினரைக் கிளப்பக் கூடாது என்ற மரியாதை அது. பாரிஸின் புய்யோன் ஷார்த்தியே போன்ற பழைய மலிவு உணவகத்தில், பரிமாறுபவர் மேசை விரிப்புக் காகிதத்திலேயே பதார்த்தங்களின் விலையை எழுதிக் கூட்டிக் காட்டுவதைப் பார்க்கலாம். 1896-இல் தொடங்கிய அந்தக் கூடம் செலவு குறைந்த கொண்டாட்டத்துக்கு ஏற்றது. வரிசையில் நிற்க வேண்டியிருப்பதால் முதியவர்களுக்குச் சிரமம். மற்ற இடங்களில் அச்சிட்ட பில்லை வரிவரியாகப் படியுங்கள். இத்தாலியின் பல பகுதிகளில் "கோபெர்த்தோ" என்ற மேசைக் கட்டணமாக ஒருவருக்குச் சில யூரோ இருக்கும். அது முறையானது, மெனுவிலும் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். பிரான்ஸில் சேவைக் கட்டணம் சட்டப்படி விலையிலேயே அடங்கியது. மனநிறைவு இருந்தால் சில யூரோ வைக்கலாம், கடமையில்லை. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 5 முதல் 10 விழுக்காடு சேர்த்து, பணம் தரும்போதே மொத்தத் தொகையைச் சொல்வது வழக்கம். லண்டனில் பெரும்பாலும் 12.5 விழுக்காடு பில்லிலேயே சேர்ந்திருக்கும். அதற்கு மேல் வைக்க வேண்டியதில்லை. கார்டு இயந்திரம் ரூபாயிலா யூரோவிலா என்று கேட்டால் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால் மாற்று விகிதத்தில் நட்டம்.

திரும்பும் வழியை விருந்துக்குப் போகும் முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பாரிஸ் மெட்ரோ வார நாட்களில் நள்ளிரவு தாண்டி ஏறத்தாழ 1 மணி வரை ஓடும். சிறிய நகரங்களில் கடைசி டிராமும் பேருந்தும் அதற்கு வெகுமுன்பே நின்றுவிடும். பெற்றோரும் குழந்தைகளும் உடன் இருந்தால், இனிப்பு மேசைக்கு வரும்போதே உணவகத்தாரிடம் சொல்லி டாக்ஸியை வரவழைத்துக்கொள்ளுங்கள்.